பீலிக்கு ஒரு ரிஃப்ரெஷ்

போன வெள்ளிக்கிழமை காலை அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹில்மி நாநா, எங்களுக்கு அண்ணன் முறை. கடை அவருடையது.

தர்ஷினி மிஸ். கம்பியூட்டர் வேலை அவருடையது. ஊர் யாழ்ப்பாணம். பேராதனை கெம்பஸில் படிக்க வந்தவர், இங்கேயே நின்றுவிட்டார்.

நான். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுகிறவன்.

நாநா ஜன்னலால் தலையை நீட்டினார். கீழே தேத்தண்ணிக் கடை. "மூணு பிளேன்டீ!" என்று சத்தம் போட்டார். அப்படித்தான் எங்கள் காலை தொடங்கும்.

இடம் கண்டிக்குப் பக்கம் கட்டுகஸ்தோட்டை. பாலம் தாண்டி, கடைத்தெருவில் ஒரு மாடி. கீழே தேத்தண்ணிக் கடையோடு ஒரு புடவைக்கடையும். மேலே எங்கள் மிஷின் அறை. ஏசி எந்த நேரமும் ஓடும். வெளியே வியர்வை, உள்ளே நுவரெலியா. நான் சுவெட்டர் போட்டுக்கொண்டு படியேறுவதைப் பார்த்துப் புடவைக்கடைப் பையன்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

இதை எழுதுகிறவன் பத்தாம் வகுப்போடு நின்றவன் என்று உங்களுக்குத் தெரியும். போன தடவை கேபிளைக் கடித்த குரங்கைப் பற்றி எழுதினேன். அது சுலபம். குரங்கு கண்ணுக்குத் தெரிந்தது. இது கண்ணுக்குத் தெரியாத விஷயம். எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்வேன்.

ஒரு பெரிய மிஷின் இருக்கிறது. அது தன்னைப் பல மிஷினாகக் காட்டிக்கொள்ளும். பார்மசிக்கு ஒன்று. கல்யாண மண்டபத்துக்கு ஒன்று. டியூஷன் வகுப்புக்கு ஒன்று. ஒவ்வொருத்தரும் தனக்கென்று முழு மிஷின் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பரா மாதிரித்தான் — ஒரே கூரை, பல குடும்பம். ஒரு வித்தியாசம். இங்கே பக்கத்துக் காம்பராச் சத்தம் கேட்காது.

அவர்களுடைய சாமான் எல்லாம் கிடக்கிற இடத்துக்குப் பெயர் ஸ்டோரேஜ் பூல். பூல் என்றால் குளம். குளத்துக்குள் வொல்யூம். ஒவ்வொரு வொல்யூமுக்கும் ஒரு பெயர், ஓர் அளவு.

யாரும் குளத்தைக் கையால் தொடுவதில்லை. ஏபிஐ என்று ஒரு வாசல். சாவி வைத்திருக்கிறவர் உலகத்தில் எந்த மூலையில் இருந்தும் அந்த வாசலில் நின்று சொல்லலாம். குளம் கட்டு. குளத்தை நிறுத்து. வொல்யூம் போடு. வொல்யூமை எடு. மிஷின் சொன்னதைச் செய்யும். செய்துவிட்டு, சொன்னவர் பெயரை ஓரத்து ஸ்கிரீனில் ஒரு வரியாக எழுதும்.

இந்த வாசலைக் கட்டியது மலர்.

என் தங்கச்சி.

எங்கள் ஊர் கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா, அம்மா இப்போது இல்லை. மிச்சம் நாங்கள் ரெண்டு பேர். அவள் படித்தாள். நான் மோட்டார் கொயில் சுற்றினேன். ஒரே பஸ்ஸில்தான் காலையில் வருவோம். அவள் கெம்பஸில் இறங்குவாள். நான் இன்னொரு பஸ் பிடித்துக் கட்டுகஸ்தோட்டைக்கு வருவேன்.

கலஹா பஸ்ஸை உங்களில் பலருக்குத் தெரியும். நிற்கிறதுக்கு முன்னால் ஓடிப்போய் ஜன்னலால் பையை எறிய வேண்டும். பை விழுந்த சீட் நம்முடையது. நான் கூட்டத்தில் இடிக்க வெட்கப்படுகிறவன். மலர் அப்படி இல்லை. தன் பையை ஒரு சீட்டில் எறிவாள். பக்கத்துச் சீட்டுக்கு எதையாவது எறிவாள். குடை. சாப்பாட்டுப் பார்சல். ஒரு நாள் செருப்பு. யாராவது கேட்டால், "ஆள் வருது" என்பாள். ஆள் நான். கடைசியாக ஏறுவேன்.

படித்து முடித்து ஹில்மி நாநாவிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஜெனரேட்டருக்கு ஆள் தேடினார்கள். "எங்க அண்ணன் இருக்கு" என்றாள். பஸ்ஸில் சீட் பிடித்த மாதிரியே எனக்கு வேலையும் பிடித்தாள்.

குளங்களுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். பெரியது கங்கை. நடுவில் உள்ளது வாவி. மூன்றாவது பழைய டிஸ்க், சின்னது. அதற்குப் பீலி என்று வைத்தாள்.

நாநா கேட்டார், "பீலி எண்டா என்ன புள்ள?"

"தோட்டத்துல மலைத் தண்ணி பைப்பால விழும் நாநா. குளிக்கிற இடம்."

"அப்ப கஸ்டமருக்கு என்ன சொல்ற? ஒங்கட சாமான நாங்க குளிக்கிற எடத்துல வெச்சீக்கோம் எண்டா?"

"பீலியில கஸ்டமர் சாமான் வைக்க மாட்டேன். அது நான் படிச்சுப் பார்க்கிற இடம்."

அப்படியே விட்டாள். பீலியில் இன்றுவரை கஸ்டமர் இல்லை.

நான் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

மலர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே போயிருந்தாள். நான் பெட்டரி பார்க்க வந்தேன். ஸ்கிரீனில் ஒரு வரி. எழுத்துக் கூட்டி வாசித்தேன். பூல் வாவி டிஸ்ட்ராய்ட்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம். ஆனால் அந்தச் சொல் தெரியும். கரப்பான் பூச்சிக்கு அடிக்கிற ஸ்ப்ரே டின்னில் இருக்கும். பக்கத்தில் பூச்சி மல்லாக்கக் கிடக்கும்.

என்ன செய்வேன்? யாரோ உள்ளே புகுந்து குளத்தை அழித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பெட்டரி சுவிட்சையும் மெயின் சுவிட்சையும் இறக்கினேன். அறை கப்சிப். கண்டியில் பாதிப் பார்மசியும் கப்சிப்.

மலர் படியில் ஓடி வந்தாள். கையில் சோறு காயவில்லை.

"அண்ணே! என்னண்ணே செஞ்ச?"

"டிஸ்ட்ராய்னு போட்டுச்சு."

"நான்தாண்ணே போட்டேன்!"

"நீ எதுக்கு அழிக்கிற?"

தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த அவளால் முடியவில்லை.

அன்றைக்கு எனக்கு மூன்று சொல் சொல்லித் தந்தாள். டிஸ்ட்ராய் என்றால், இந்த வேலையில், சும்மா நிறுத்துகிறது. உள்ளே ஒன்றும் போகாது. திரும்ப ஸ்டார்ட் என்று சொன்னால் எல்லாம் இருந்த மாதிரியே இருக்கும். அன்டிஃபைன் என்றால் மறக்கிறது. சாமான் கிடக்கும். ஆனால் அப்படி ஒரு குளம் இருந்தது என்றே மிஷினுக்கு ஞாபகம் இராது. டிலீட் என்றால்தான் போகிறது. உண்மையாகப் போகிறது.

"அப்ப நிறுத்துறதுக்கு ஏன் டிஸ்ட்ராய்னு பேர் வச்சானுங்க?"

"வச்சவன்கிட்டக் கேளுண்ணே. எரும."

எருமை நான்தான். அவளும்தான். எங்கள் வீட்டில் ரெண்டு பேருக்கும் அதுதான் பெயர். யார் முதலில் கோபப்படுகிறார்களோ அவர்கள் மற்றவரை எருமை என்பார்கள்.

அப்புறம் மலர் கல்யாணம் செய்து நியூசிலாந்து போனாள். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம். போகாதே என்று யார் சொல்வார்? நானும் சொல்லவில்லை. ஏர்போட்டுக்குப் போனேன். "பார்த்துப் போ" என்றேன். "சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

முதலில் தினமும் கோல் எடுப்பாள். எங்கள் பேச்சு இப்படி இருக்கும்.

"அண்ணே."

"ம்."

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீ?"

"இருக்கேன்."

...

"மழையா?"

"மழைதான்."

...

"சரி, வைக்கவா?"

"ம்."

பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு தீபாவளி, பொங்கல். போன பொங்கலுக்கு அவளும் கோல் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கோபமா? இல்லை. சண்டையா? அதுவும் இல்லை. பேச்சு வராத ரெண்டு பேருக்கு நடுவில் ஒரு சமுத்திரத்தைப் போட்டால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. பக்கத்தில் இருந்தபோது பேசத் தேவை இருக்கவில்லை. செருப்பை எறிந்தாலே போதுமாக இருந்தது.

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது.

தினமும் காலை பத்து மணி போல் நான் பெட்டரி பார்க்க அறைக்குள் போவேன். அந்த நேரம் ஓரத்து ஸ்கிரீனில் ஒரு வரி வரும்.

மலர். ரிஃப்ரெஷ். பீலி.

குளத்துக்குக் கண் இல்லை. யாராவது பின்பக்கத்தால் ஒரு சாமானைக் கொண்டுபோய்ப் போட்டால் அதற்குத் தெரியாது. ரிஃப்ரெஷ் என்று சொன்னால்தான் உள்ளே என்ன கிடக்கிறது என்று திரும்பப் பார்க்கும். கங்கைக்கும் வாவிக்கும் அதை மிஷினே மணிக்கு மணி செய்யும். பீலிக்கு மட்டும் மலர் பெயரில் வரும்.

அவள் போய் முதல் வாரம் நாநாவிடம் கேட்டேன். "அது தானா ஓடுது செல்வம். போறத்துக்கு முன்ன என்னமோ செஞ்சு வெச்சீப்பா. கடியாரம் மாதிரி" என்றார்.

சரி என்று விட்டேன். கடியாரம்தான். ஆனாலும் பத்து மணிக்குப் போய் நிற்பேன். வரி வரும். பெட்டரியின் தண்ணியைப் பார்ப்பேன். கீழே இறங்குவேன். ஒரு நாளைக்கு அது போதும்.

போதுமா என்று கேட்காதீர்கள். போதும் என்று வைத்திருந்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

நாநாவுக்கு ஒரு பெரிய கஸ்டமர் கிடைக்கிற மாதிரி இருந்தது. அது கிடைத்தால்தான் இந்த மாடியை வைத்திருக்கலாம் என்ற நிலை. அவர்கள் ஆள் மத்தியானம் ரெண்டு மணிக்குப் பார்க்க வருகிறார். அவர்கள் சொன்ன முதல் நிபந்தனை — வேலை விட்டுப் போனவர்களுடைய சாவி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நியாயம்தானே? வீட்டைக் காலி செய்தவர் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தர்ஷினி மிஸ் பட்டியலில் இருந்து ஒவ்வொன்றாக வெட்டினார். டுபாய் போன பையனுடையது. ரெண்டு மாதம் மட்டும் நின்ற ஒருத்தருடையது. பிறகு கை நின்றது.

"மலர் எண்டு ஒண்டு இருக்கு. இது ஒவ்வொரு நாளும் வேலை செய்யுது. ஆர் இது?"

"இவர்ட தங்கச்சி" என்றார் நாநா. "அது தானா ஓடுறது. வெட்டுங்கோ."

"அப்ப முதல்ல ஓடுற அந்த வேலையை நிப்பாட்டோணும். இல்லாட்டிக் கதவைத் தட்டிக்கொண்டே நிக்கும். பொறுங்கோ, எங்க இருக்கெண்டு பாக்கிறன்."

தேடினார். பெரிய மிஷினில் தேடினார். சின்ன மிஷின்களில் தேடினார். பிளேன்டீ வந்தது. நாநா சீனியை நக்கி நக்கிக் குடித்து முடித்தார். மிஸ் இன்னும் தேடினார்.

"இஞ்ச இல்லையே அண்ணை."

"என்ன இல்லை?"

"அப்பிடித் தானா ஓடுற வேலை ஒண்டும் இஞ்ச இல்லை. இது வெளியில இருந்து வருது."

ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். பழைய வரிகள். மிஷின் அனுப்புவது என்றால் ஒரே நேரத்துக்கு வருமாம். இது அப்படி இல்லை. ஒரு நாள் பத்துக்கு முன்னால். ஒரு நாள் பத்தரை. சில நாள் பதினொன்றையும் தாண்டி. ஒரு தடவை பிழையாக அடித்து, திருத்தி, திரும்ப அடித்திருக்கிறாள்.

"இது ஆளண்ணை. கையால அடிக்கிற ஆள். அங்க இப்ப பின்னேரம். வேலை முடியிற நேரம்."

நான் சுவரில் இருந்த பிரேக்கர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாநா எழும்பிவிட்டார். "அல்லாஹ்வே! இவ்வளவு வருஷமா ஒருத்தர் வெளிய ஈந்து உள்ள வந்து போறாவா? அந்தச் சாவிக்கு என்னெல்லாம் செய்ய ஏலும்?"

"எல்லாம் ஏலும். வாசல் கட்டின ஆளின்ர சாவி. மூண்டு குளத்தையும் ஒரு நிமிசத்தில டிலீட் பண்ணலாம்."

"பண்ணினாவா?"

"இல்லை. ஒண்டும் செய்யேல்லை. கங்கையைத் தொடேல்லை. வாவியைத் தொடேல்லை. வந்து, பீலியை எட்டிப் பாத்திட்டுப் போறா. அவ்வளவுதான்."

"பீலியில என்ன ஈக்குது?"

"ஒண்டுமில்லை."

நாநா திரும்பக் கதிரையில் உட்கார்ந்தார். 

எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. நான் பத்து மணிக்கு அங்கே வருவேன் என்று அவளுக்குத் தெரியும். நான் பெட்டரிக்கு நேரம் குறித்தபோது, "பத்து மணிக்குப் பார்த்திடுண்ணே" என்று சொன்னவள் அவள். ஓரத்து ஸ்கிரீனில் பெயர் விழும் என்பதும் தெரியும். மிஷினை அப்படி எழுத வைத்ததே அவள்தான்.

பையை எறிந்துகொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும்.

"வெட்டுங்கோ மிஸ்" என்றார் நாநா. குரல் இறங்கியிருந்தது. "அந்த மனுசன் ரெண்டு மணிக்கு வாறார்."

"நாநா" என்றேன்.

"சொல்லு."

"இன்னைக்கு இன்னும் வரல. வந்து போகட்டும். அப்புறம் வெட்டுங்க."

நாநா என்னைப் பார்த்தார். அவரிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. சம்பளம் பிந்தினாலும் கேட்டதில்லை.

"ஜும்மாத் தொழுகைக்கு முன்ன முடியோணும்" என்றார். "ஏன்டா, கோல் எடுத்துச் சொல்லேன்?"

"எடுத்தா மழையான்னு கேட்பா."

"கேட்டா?"

"மழைதான்னு சொல்வேன்."

நாநா இரண்டு கையையும் விரித்தார்.

மிஸ்தான் வழி சொன்னார். "அவ ரிஃப்ரெஷ் அடிச்சா பீலிக்குள்ள இருக்கிற வொல்யூம் எல்லாத்தின்ர பேரும் அவவுக்குத் தெரியும். நாங்கள் ஒரு சின்ன வொல்யூம் போடுவம். பேர் நீங்கள் சொல்லுங்கோ. இடைவெளி விடாமல், ஒரு சொல்."

ஒரு சொல். எனக்கு ஏற்ற அளவு.

யோசித்தேன். "சாப்டியான்னு போடுங்க."

டக்கென்று அடித்தார். அந்த நேரம் லைட் ரெண்டு தடவை கண் சிமிட்டியது. போய்விட்டது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.

எந்த நேரத்தில் போகிறது பாருங்கள்!

படியில் இறங்கினேன். ஜெனரேட்டர் பின்பக்கம், தகரக் கொட்டிலில். மழை பிடித்திருந்தது. ரெண்டு தடவை இழுத்தேன், பிடிக்கவில்லை. சோக்கைத் தள்ளினேன். மூன்றாவதற்குப் பிடித்தது. ஓட்டம் சீராகும் வரை பக்கத்தில் நின்றேன். நிற்கத்தான் வேண்டும். அதுதான் என் வேலை. மேலே என் தங்கச்சி வந்து போயிருக்கலாம். ஆனாலும் சீராகும் வரை நின்றேன்.

நான் மேலே வந்தபோது ரெண்டு பேரும் ஸ்கிரீனுக்கு முன்னால் குனிந்துகொண்டிருந்தார்கள்.

"வந்திட்டா அண்ணை!"

வரி விழுந்திருந்தது. மலர். ரிஃப்ரெஷ். பீலி. அதற்குக் கீழே, பீலிக்குள் ஒரு புது வொல்யூம். போட்டது மலர். பெயரை வாசித்தேன்.

யாரது.

"ஏன் யாரதுன்னு கேட்கிறா?"

மிஸ் தான் போட்டதைக் காட்டினார். நான் சொன்னது சாப்டியா. அவர் அடித்தது, தன் வீட்டு வழக்கத்தில், சாப்பிட்டியோ.

எங்கள் பரம்பரையில் யாரும் யாரையும் சாப்பிட்டியோ என்று கேட்டதில்லை. மலர் பயந்திருப்பாள். தன் பீலியில் எந்த யாழ்ப்பாணத்தான் நிற்கிறான் என்று.

நாநா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மிஸ், நீங்க எல்லாத்தையும் கெடுத்துட்டீங்கோ!"

"ஐயோ, எனக்கெப்பிடித் தெரியும்! அண்ணை, கெதியாச் சொல்லுங்கோ, போகப் போறா. நீங்கள்தான் எண்டு தெரியிற மாதிரி ஒரு சொல்."

"எரும."

"என்ன?"

"எருமன்னு போடுங்க."

"அண்ணை... தங்கச்சியையோ?"

"போடுங்க மிஸ். எரும. எருமையோ இல்ல. எரும."

போட்டார்.

காத்திருந்தோம். ஜெனரேட்டர் கீழே உறுமியது. ஒன்றும் வரவில்லை. நாநா மணியைப் பார்த்தார். எனக்கு முழங்காலுக்குக் கீழே மழை ஈரம். துடைக்கத் தோன்றவில்லை. போய்விட்டாளோ?

பிறகு வந்தது. பீலியில் ஒரு வொல்யூம்.

சாப்டேன்ணே.

அதற்குக் கீழே இன்னொன்று.

நீ.

"ரெண்டு பேருக்கும் இதுக்கா கம்பியூட்டர்!" என்றார் நாநா. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்னும் இல்லை என்று போடச் சொன்னேன். மிஸ் இந்தத் தடவை கேட்டுக் கேட்டு, எழுத்து எழுத்தாக அடித்தார். "இன்னும் இல்ல. 'ல்லை' இல்லையோ?" "இல்ல." "சரி, இல்ல."

அடுத்ததையும் சொல்லத்தான் வேண்டும். சாவி வெட்டுறோம். அப்படியே போட்டோம். நான் சொன்னதிலேயே நீளமானது அதுதான்.

பதில் வர நேரம் எடுத்தது. என்ன செய்திருப்பாள்? ஒபிசில் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருப்பாளா? பக்கத்தில் யாராவது, ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டிருப்பார்களா? எனக்கு அந்த ஒபிஸ் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஜன்னல் இருக்குமா?

வந்தது.

தெரியும்.

பிறகு ஒன்றும் இல்லை. நாநா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். மிஸ் சாவியை வெட்டப் போனார். அப்போது இன்னொரு வரி. கடைசி வரி.

பெயர், எடம்.

மிஸ் புருவத்தைச் சுருக்கினார். "இது பெரிசா இருக்கே. பீலியில மிச்சமிருந்த அளவு முழுக்க இதுக்கு எழுதியிருக்கு."

"குளம் நிரம்பிட்டா?" நாநா பதறினார்.

"இல்லை, இல்லை. இது மெல்லிசு. அளவு மட்டும்தான் எழுதியிருக்கு. உள்ளுக்கு ஒண்டும் இல்லை. டிஸ்கில இடமும் எடுக்கேல்லை. சும்மா... எப்பிடிச் சொல்றது... இது ஆருக்கோ எண்டு பிடிச்சு வைச்சிருக்கிற மாதிரி."

எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே மழையில் ஒரு பஸ் பாலத்துக்குத் திரும்பியது. ஆட்கள் ஓடினார்கள்.

மிஸ் சாவியை வெட்டினார். ஸ்கிரீனில் இருந்து அந்தப் பெயர் போனது. எவ்வளவு சத்தமில்லாமல் போகிறது!

இனி பீலியை என்ன செய்வது? கஸ்டமர் இல்லாத குளம் ஓடிக்கொண்டிருந்தால் வருகிற மனுசன் கேள்வி கேட்பார்.

"மூண்டு வழி இருக்கு" என்றார் மிஸ்.

"தெரியும்" என்றேன்.

நிறுத்தலாம். மறக்கலாம். இல்லாமலே ஆக்கலாம். மனுசர்களுக்கும் இந்த மூன்றுதான். நாம்தான் மூன்றையும் ஒன்றென்று நினைத்துப் பயப்படுகிறோம். ஒருத்தர் பேச்சை நிறுத்தினால் மறந்துவிட்டார் என்கிறோம். மறந்தால் அழித்துவிட்டார் என்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தவர் யார்?

"டிஸ்ட்ராய் பண்ணுங்க" என்றேன்.

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் அந்தச் சொல்லை நான் சொல்வேன் என்று எதிர்பார்க்கவில்லை. பிறகு விளங்கி, தலையை ஆட்டினார். ஒரு வரி அடித்தார்.

பூல் பீலி டிஸ்ட்ராய்ட்.

உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது. சாப்பிட்டியோவும் இருக்கிறது. எருமையும் இருக்கிறது. எடமும் இருக்கிறது. ஸ்டார்ட் என்று யாராவது சொன்னால் போதும்.

கரண்ட் வந்தது. ஜெனரேட்டரை நிறுத்தப் படியில் இறங்கினேன். நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றேன். மேலே ஜன்னல் திறந்தது. நாநா தலையை நீட்டினார்.

"செல்வம்! தொழப் போறத்துக்கு முன்ன ஒரு வாய் குடிச்சிட்டுப் போவோம். கடைக்காரர்ட சொல்லி எடுத்துட்டு வா!"

கடைக்காரர் கெட்டிலைத் தூக்கினார். "எத்தனை பிளேன்டீ அண்ணே?"

நாலு.